மூன்றாம் ஓலை

எங்கள் தாம்பரம் சபையில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் பெண்ணின் சபை, மாப்பிள்ளையின் சபை இரண்டிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். பேர்தான் ஓலை. வாசிப்பது கம்ப்யூட்டரில் அடித்த தாள். இன்ன சபையைச் சேர்ந்த இன்னார் மகனும் இந்தச் சபையைச் சேர்ந்த இன்னார் மகளும் விவாகம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். அதற்குள் சபை முழுக்கத் திரும்பி அந்தப் பெண் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிடும்.

என்னுடைய முதல் ஓலை வாசித்தபோது எனக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையில் இருந்த ஆராதனைத் தாளை எட்டாக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையில் ஒரு தட்டு தட்டி, "சும்மா இரேன்டி" என்றாள். சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே வராத வேலை. தடையா, முப்பத்தாறு வயது வரைக்கும் என்னை யாரும் சீண்டவில்லையே, அப்போதெல்லாம் தடை எங்கே போயிருந்தது என்று எழுந்து கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓலை வாசிக்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சபையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இன்ஜினியரிங் பிள்ளைகள் வேறு துறைப் பாடம் ஒன்றையும் படித்தாக வேண்டும் என்று விதி வந்தபோது, மேற்கத்திய சமூகத்தில் பாலுறவும் திருமணமும் என்று ஒரு பாடத்தை நான்தான் எழுதிக்கொடுத்தேன். தலைப்பைப் பார்த்தே ஒரு வகுப்பு நிரம்பி வழிந்தது. முதல் வாரத்திலேயே பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவர்கள் ஆசைப்பட்டு வந்தது ஒன்று, நான் பேசியது சீதனம், வாரிசு, சர்ச் பதிவேடு. ஒரு பையன் வாய்விட்டே கேட்டான், "மேம், மெயின் மேட்டர் எப்ப வரும்?" மெயின் மேட்டரே இதுதானப்பா என்றேன்.

மாப்பிள்ளை குரோம்பேட்டைக்காரர். நாற்பது வயது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். அவர்கள் சபையின் கொயரில் அடிக்குரல் பாடுகிறவர். எங்கள் திருச்சபைப் பத்திரிகையில் அம்மா கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து அவருடைய அம்மா போன் செய்தார்கள். இத்தனை நாள் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நான் நேராகவே கேட்டேன். "அம்மாவைப் பாத்துக்கணும்னு இருந்துட்டேங்க" என்றார். என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

ஆறு மாதம் பழகினோம். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காபி, மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருவது, இவ்வளவுதான். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். சும்மா தலையாட்டிக்கொண்டு கேட்கிறவர் இல்லை, சரியான இடத்தில் சிரிப்பார், சரியான இடத்தில் மடக்குவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு ஆள் கிடைத்ததே என்று வீட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே இளித்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவர் என் கையைக்கூடத் தொட்டதில்லை. நெரிசலில் ரயில் குலுங்கினால் என்மேல் படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நிற்பார். நல்ல வளர்ப்பு என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். எனக்கோ அவர் தொட வேண்டும் என்று இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு உடம்பு என்று ஒன்று கிடையாது என்று நம் ஊரில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மறுநாள் திங்கட்கிழமை காலையில் அத்தை போன் செய்தாள். அப்பாவின் அக்கா, பெருங்களத்தூரில் தனியாக இருக்கிறாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆண்பிள்ளை மாதிரி அவள்தான். யாருக்கு யார் என்ன முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

"இங்க பாரு பிள்ள, உக்காந்துகிட்டுக் கேளு" என்று ஆரம்பித்தாள். "மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்கல்ல, அவங்களுக்கு அப்பாவோட அப்பாவும், உங்கம்மாவுக்கு அப்பாவோட அப்பாவும் கூடப் பொறந்தவங்க. ரெண்டு பேரும் சூளைக்காரர் வீடு."

"அதுக்கு என்ன அத்தை?"

"என்னவா? அப்ப உங்கம்மாவும் அந்தம்மாவும் அக்கா தங்கச்சி முறை. அந்தப் பையன் உனக்குப் பெரியம்மா மகன். அண்ணன். அண்ணனைக் கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணுவியா?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. பழைய குடும்ப வேதாகமம் ஒன்றின் கடைசித் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதி வைத்திருப்பது கிடைத்திருக்கிறது என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். "யாரு குடுத்தா என்ன, எழுத்துல இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் செய்யக்கூடிய தவறு இது. இரண்டு வீடும் பேசி முடித்தபோது எல்லாவற்றையும் கேட்டார்கள். எந்தத் திருமண்டலம், எந்தச் சபை, திடப்படுத்தல் ஆயிற்றா, சம்பளம் எவ்வளவு, சர்க்கரை வியாதி உண்டா, ரத்த வகை என்ன, சைவமா அசைவமா. குடும்பப் பட்டப்பெயரை மட்டும் யாரும் கேட்கவில்லை. தெற்கே எங்கள் பூர்வீக ஊர்ப் பக்கம் அந்தப் பட்டப்பெயர்தான் முதல் கேள்வி. எங்கள் அம்மாவின் அப்பா ரயில்வே வேலைக்குத் தாம்பரம் வந்து இங்கேயே தங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் இரண்டு தலைமுறையாக இங்கேதான். எல்லோரும் பட்டணத்துக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று எல்லோருக்கும் நினைப்பு. அம்மாவிடம் சூளைக்காரர் வீடு என்று சொன்னதும் கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கு எப்படிடி தெரியாமப் போச்சு" என்று அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

அவருக்குப் போன் செய்தேன். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். "அத்தை சொல்றதுலயும் நியாயம் இருக்குல்லங்க" என்றார். "பெரியவங்க மனசு கஷ்டப்பட்டு ஒரு கல்யாணம் நடக்கணுமா? வேணும்னா நாம இதோட நிறுத்திக்கலாம். யார் மேலயும் தப்பு இல்ல."

பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை, பாவம் என்றுதான் இருந்தது. அம்மாவுக்கு அடங்கி வளர்ந்தவர், அத்தை மிரட்டினால் ஆடிப்போகத்தான் செய்வார். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றேன். நல்ல தெம்பாகத்தான் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. செவ்வாய்க்கிழமை கல்லூரி விட்டதும் நேராகப் போதகர் வீடு. ஒரு தாளில் இரண்டு குடும்ப வரிசையையும் கோடு போட்டு எழுதிக்கொண்டு போனேன். போதகர் நல்ல மனிதர், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். ஜெபப் புத்தகத்தின் பின்பக்கத்தில் யார் யாரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். பாட்டியைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதிலிருந்து அது தொடங்கும். அதை யாருக்காக எழுதினார்களோ தெரியாது. அந்தப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "சபைச் சட்டப்படி இதுல தடையே இல்லம்மா. இவ்வளவு தூரத்துச் சொந்தத்தை எல்லாம் யாரும் பாக்கறதில்ல" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா ஜனங்க என்னைத்தான் கேப்பாங்க. மேலிடத்துல, பிஷப் ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடு" என்று சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை வகுப்பில் நான் நடத்தியது உறவு விலக்கு, அதாவது எந்தச் சொந்தத்தில் கட்டக் கூடாது என்பது பற்றி. பாடத்திட்டப்படி அது அந்த வாரம்தான் வர வேண்டும், நானாக இழுத்துக்கொண்டு வரவில்லை. பழைய மேற்கில் பாதிரி, சாட்சி எதுவுமே வேண்டாம், ஒருவனும் ஒருத்தியும் உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். வயக்காட்டில் சொன்னாலும் சரி, சாராயக் கடையில் சொன்னாலும் சரி. பிறகு அவன் நான் சொல்லவே இல்லை என்பான். அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பாள். இந்த வழக்குகள் தாங்காமல்தான் முன்கூட்டியே ஊரறிய வாசியுங்கள் என்று சர்ச் சொன்னது. அதே சர்ச்தான் ஏழு தலைமுறை தூரம் வரைக்கும் சொந்தத்தில் கட்டக் கூடாது என்றும் சொன்னது. ஒரு கிராமத்தில் இருக்கிற எல்லோருமே ஏழு தலைமுறைக்குள் சொந்தம்தான் என்றால் யாரைத்தான் கட்டுவது? கடைசியில் அந்தச் சட்டம் நன்றாக உதவியது பெரிய இடத்துக்காரர்களுக்குத்தான். விவாகரத்து கிடையாது, மனைவி அலுத்துவிட்டாள், என்ன செய்வது? ஆளை வைத்து இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கொள்ளுத் தாத்தாவைத் தோண்டி எடுப்பார்கள். ஐயையோ, நாங்கள் சொந்தம், இத்தனை வருஷம் பாவத்தில் வாழ்ந்துவிட்டோம் என்று மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இவ்வளவையும் என் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்து, அவருக்கு "நாளைக்கு லெட்டர் விஷயமா போறேன், கவலைப்படாதீங்க" என்று மெசேஜ் அனுப்பினேன்.

வியாழக்கிழமை பட்டணத்தில் மேலிட அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். சம்பந்தப்பட்ட ஆள் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள், சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், நாளைக்கு வாங்க என்றார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். உட்கார முடியாமல் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தேன். அங்கிருந்த பியூன் அண்ணன், "இன்னாம்மா, நீ நடக்கறதப் பாத்தா எனக்கே தல சுத்துது. ஃபேனாண்ட குந்து, சார் வந்துகினே கீறாரு" என்றார். மூன்று மணிக்குக் கடிதம் கையில் வந்தது. இந்தத் திருமணத்துக்குச் சபைச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கையெழுத்து, முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. படம் பிடித்து உடனே அவருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. வேலையாக இருப்பார் என்று விட்டுவிட்டேன். அன்று சாயந்திரமே போதகரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். "ரொம்ப சந்தோஷம்மா, மூணாவது ஓலைய தைரியமா வாசிச்சுடறேன்" என்றார்.

இத்தோடு விட்டிருக்கலாம். என்னால் முடியுமா? சனிக்கிழமை மத்தியானம் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் போனேன். அத்தை வாயால் சரி என்று சொல்ல வைக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். மடித்து என்னிடமே நீட்டினாள். "வெள்ளக்காரன் போட்ட சட்டத்துல இல்லைங்கறாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்க ஞாயித்துக்கிழமையானா போறதே வெள்ளக்காரன் கொண்டாந்த சர்ச்சுக்குத்தான் அத்தை."

"சாமி எல்லாருக்கும் பொது. முறை நம்மளுது."

பதில் இல்லாதபோது என் வாயில் வருவது விஷம்தான். "உங்களுக்கு நான் நல்லா இருக்கறது பொறுக்கல. தேடிப் பிடிச்சு எங்கிருந்தோ ஒரு தாளைக் கொண்டாந்து என் வாழ்க்கையில கல்லைப் போடறீங்க" என்றேன். அத்தையின் முகம் சின்னதாகிவிட்டது. அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"நானா தேடிப் போனேன்?" என்றாள். "மாப்பிள்ளையே அனுப்பினது பிள்ள அது. சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். இந்தா பாரு."

போனை நீட்டினாள். பழுப்பேறிய வேதாகமத் தாளின் படம். கீழே அவருடைய மெசேஜ். அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்கள், முறை ஏதாவது இடிக்கிறதா, நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அனுப்பியிருக்கிறார். அத்தைக்கு மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சில மாதங்களுக்கு முன் ரயிலில் அந்தக் கொள்ளுத் தாத்தா கதையை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். பல்லாவரம் தாண்டும்போது அவர், "சொந்தம்னு சொல்லிட்டா போதும், யாருக்கும் அசிங்கம் இல்லாம வெளிய வந்துடலாமா?" என்று கேட்டார். ஆமாம், மரியாதையான கதவு என்றேன். என்ன கூர்மையான மாணவர் என்று உள்ளுக்குள் பூரித்தும் போனேன். அவருக்கு வழி சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

என்னைப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. வயது, நிறம், ஓயாத வாய், ஏதோ ஒன்று. அத்தையிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் வாசலிலேயே நின்றேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் சபையில் கொயர் பயிற்சி நடக்கும் என்று தெரியும். நான் போனபோது உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று கையைக் காட்டினேன். அவர் பாட்டுத் தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் நின்றோம்.

"என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

"உங்களைப் பிடிக்காம இல்லங்க" என்றார். ஸ்கூட்டரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி ஆசை வந்ததே இல்ல. ஒரு நாளும் இல்ல. ஸ்கூல் படிக்கறப்பல இருந்தே பசங்க மேலதான். கல்யாணம் பண்ணிக்கிட்டா சரியாயிடும்னு நானும் நம்பிப் பாத்தேன். உங்களோட பழகினப்புறம் முடியாதுன்னு தெரிஞ்சுடுச்சு. நீங்க என்னைப் பாக்கற பார்வை தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்ல. உங்களை ஏமாத்த முடியல."

உள்ளே கொயர் விட்ட இடத்தில் மறுபடி தொடங்கியது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. முறை இடிக்குதுன்னா யாரும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டாங்க. உங்க பேரும் கெடாது. அப்படி நெனச்சுத்தான் அதைத் தேடி எடுத்தேன். நீங்க என்னடான்னா ஒவ்வொரு இடமா போயி ஒவ்வொண்ணா அடைச்சுட்டு வர்றீங்க. நீங்க அனுப்பற ஒவ்வொரு மெசேஜையும் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

"நேரா என்கிட்ட சொல்லியிருந்தா?"

"இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லங்க. நீங்கதான் முதல் ஆள்."

அவருடைய அம்மா இப்போது இல்லை. எழுதுங்கள், பேர் மட்டும் வேண்டாம் என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. ஆறு மாதம் என்னை ஆசைப்பட விட்டாரே என்று அடிக்கலாம் போல இருந்தது. அதைவிடப் பெரிய கோபம் என்மேல். இந்தப் பாடத்தில் இரண்டு வகுப்பு இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஆணும் ஆணும் சேர்வது அங்கே முதலில் யாரும் செய்துவிடக்கூடிய பாவமாக இருந்தது, பிறகு மருத்துவர்கள் வந்து அதை ஒரு தனி வகை மனிதனாக ஆக்கினார்கள், அந்த மனிதனைத் திருத்தப் பார்த்தார்கள், அடைத்து வைத்தார்கள் என்றெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுவேன். நம் ஊரில் சட்டம் மாறியதையும் சொல்லுவேன். பக்கத்து சீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்த மனிதரை மட்டும் நான் பார்க்கவே இல்லை. எனக்கு அவர் வேண்டியிருந்தது, அதனால் பார்க்கவில்லை.

"உங்க சர்ச்சுல நாளைக்கு ஆராதனை எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்பது மணிக்கு."

"எங்களுக்கு ஏழரை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

திரும்புகிற ரயிலில் நடுவில் சானடோரியம் ஒன்றுதான், அடுத்தது தாம்பரம். தாம்பரத்தில் எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. வண்டி கிளம்பி, பெருங்களத்தூர், வண்டலூர் என்று போய்க்கொண்டே இருந்தது. கட்டிக்கொண்டால்தான் என்ன என்று ஒரு மனம் கேட்டது. பேச்சுக்கு ஆள் கிடைக்கும். அம்மா நிம்மதியாக இருப்பாள். பத்திரிகை அடித்தாயிற்று. கல்யாணம் என்பதே சொத்துக்கும் வாரிசுக்கும் வந்தது, ஆசையை அதற்குள் கொண்டுவந்து வைத்தது நேற்றைய கதை என்று நானே சொல்லிக்கொடுத்ததுதானே. அந்த வாதத்தை நான் எவ்வளவு அழகாக எடுத்துவைத்தாலும் என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இன்னும் முப்பது வருஷம் ரயிலில் படாமல் நிற்கிற மாதிரி வீட்டிலும் நிற்பார், நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, எதிர்ப்பக்க நடைமேடையில் முன்னும் பின்னும் நடந்து, அடுத்த வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

சும்மா கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவரிடம் என்ன கோளாறு என்று நோண்டுவார்கள், அவருடைய அம்மா வரைக்கும் போகும். முறை ஒன்றுக்குத்தான் யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தக் கதவை முத்திரை குத்திய கடிதத்தோடு நானே அடைத்து வைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் நானே திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மூன்றாம் ஓலையை நல்ல கணீர்க் குரலில் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு, நிறுத்தாமலே அடுத்த அறிவிப்புக்குப் பக்கத்தைத் திருப்பினார். நான் எழுந்து நின்றேன். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, தடை இருக்குங்க" என்றேன். "அவரு எனக்கு அண்ணன் முறை."

போதகர் மைக் முன்னால் நிற்பதையே மறந்துவிட்டார். "ஏம்மா, முந்தாநேத்து நீதானே லெட்டர் கொண்டாந்து குடுத்தே?"

"லெட்டர் சரிங்கய்யா. எனக்குத்தான் மனசு ஒப்பல. முறை தெரிஞ்சப்புறம் அவரை அண்ணனாத்தான் பாக்க முடியுது."

நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது. மூன்று வரிசை முன்னால் அத்தை திரும்பிப் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம், "நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா? படிச்ச திமிரு. கர்த்தர்தான் கண்ணைத் திறந்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை பதில் பேச வழியில்லை. என் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். செய்தி போதகர் மூலமாக ஒன்பது மணிக்குள் குரோம்பேட்டைக்குப் போய்விட்டது, அங்கே மூன்றாம் ஓலை வாசிக்கவே இல்லை.

மத்தியானம் அவரும் அவருடைய அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணம் நின்ற வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி இல்லை, சொந்தக்காரர்கள் மாதிரி வந்தார்கள். இரண்டு அம்மாக்களும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். என் அம்மா அவர்களை அக்கா என்றாள். எங்கள் தாத்தாவின் தாடை உனக்கு, எங்கள் சித்தப்பாவின் மூக்கு அவனுக்கு என்று ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மடமடவென்று இலை போட்டாள். ஆட்டுக்கறிக் குழம்பு, முட்டை, ரசம். அவர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று தடவை என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். அவருடைய தோள் அத்தனை தளர்வாக, அத்தனை லேசாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "தம்பி, இவளுக்கு அப்பாவும் இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்ல" என்றாள். "இனிமே நீங்கதான் அண்ணன். உங்க ஆபீஸ்லயோ, கொயர்லயோ நல்ல பையனா பாத்து இவளுக்கு ஒண்ணு முடிச்சு வைக்க வேண்டியது உங்க பொறுப்பு."

அவர் கை சோற்றிலேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆறு மாதத்தில் என்னை அப்படி நேராக ஒரு நாளும் பார்த்ததில்லை.

"பாக்கறேன் சித்தி" என்றார்.

நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனேன். ரசம் மேசையில்தான் இருந்தது.